நீர் குடிக்கும் ஓப்பலுக்கு ஒரு வெள்ளிப் பதக்கம்

ஓப்பல் நீர் கலந்த சிலிக்கா. குவார்ட்ஸுக்கும் மூலப்பொருள் அதே சிலிக்காதான். ஆனால் குவார்ட்ஸில் உள்ள முழுமையான படிக ஒழுங்கு ஓப்பலில் கிடையாது. அதன் எடையில் பொதுவாக 3 முதல் 10 சதவீதம் நீர். கடினம் மோஸ் அளவில் 5.5 முதல் 6.5 வரை. உள்ளே நீர் உண்டு, மேனி மென்மையானது என்ற இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், ஓப்பல் நகையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

மூன்றாவதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமனும் அவருடன் பணியாற்றிய ஏ. ஜெயராமனும் ஓப்பலின் உள்ளமைப்பையும் அதன் வண்ண மினுக்கத்தையும் ஆராய்ந்து 1953ல் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் கட்டுரை எழுதினார்கள். 1964ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒரே அளவில், அடுக்கடுக்காக நெருங்கி நிற்பது தெரிந்தது. உருண்டைகளின் விட்டம் ஏறத்தாழ 150 முதல் 350 நானோமீட்டர். அடுக்குகளுக்கிடையே ஒளி சிதறி வெளியே வரும்போது நிறம் பிறக்கிறது. உருண்டைகள் பெரிதாக இருந்தால் சிவப்பு வரை கிடைக்கும். சிறிதாக இருந்தால் நீலம், ஊதாவோடு நின்றுவிடும். கல்லில் சாயம் எதுவும் இல்லை. பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறும், சில கோணங்களில் மறைந்தே போகும். எனவே ஓப்பல் நகையை வடிவமைப்பது என்பது முதலில் கோணத்தைத் தீர்மானிப்பதுதான்.

இன்று இந்தியச் சந்தையில் அதிகம் புழங்குவது எத்தியோப்பியாவின் வோலோ பகுதி ஓப்பல். வெகெல் தேனா என்ற ஊரை ஒட்டிய மலைச்சரிவுகளில், எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை அடுக்கொன்றில், 2008ல் இது பெருமளவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு ஜெய்ப்பூரின் கல் தேய்க்கும் பட்டறைகளுக்கு மூட்டை மூட்டையாக வந்தது. அங்கே மெருகேறி ஹைதராபாத் உட்பட எல்லா ஊர்களுக்கும் போகிறது. ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி வெள்ளை ஓப்பலுக்கும் லைட்னிங் ரிட்ஜ் கறுப்பு ஓப்பலுக்கும் இல்லாத ஒரு குணம் இதில் பரவலாகக் காணப்படுகிறது: இது நீரைக் குடிக்கும். துறையில் இத்தகைய கல்லுக்கு ஹைட்ரோஃபேன் என்று பெயர். தண்ணீரில் போட்டால் நுண்துளைகளில் நீர் ஏறும், கல் கண்ணாடிபோல் தெளியும், நிற மினுக்கம் மங்கி மறையும். காய்ந்தபின் பழைய நிலை திரும்பும். சில கல்லுக்கு அதற்குச் சில நாள் போதும், சில கல் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

நவரத்தினங்களில் ஓப்பலுக்கு இடம் இல்லை. அதனால் முத்துக்கும் மாணிக்கத்துக்கும் இருப்பதுபோல் தலைமுறைகளாகக் கைமாறி வந்த கட்டும் முறை எதுவும் தென்னாட்டில் இதற்கு உருவாகவில்லை. கடைகளில் ஓப்பல் பெரும்பாலும் சுக்கிரனுக்கான கல்லாக, வைரம் வாங்க இயலாதவர்க்கு மாற்றாக விற்கப்படுகிறது. ரத்தி கணக்கில் எடை போட்டு, ஒரே அச்சான நீள்வட்டமாகத் தேய்த்து, விரலைத் தொடும்படி அடி திறந்த மோதிரத்தில் வைப்பது வழக்கம். ஒரு ரத்தி ஏறத்தாழ 0.91 காரட். இந்த வழக்கத்தால் நல்ல கல் பல வீணாகிறது. கோணல் வடிவமும் ஓரத்தில் தாய்ப்பாறையின் பழுப்புத் தோலும் கொண்ட கல்லை நீள்வட்டத்துக்குள் அடக்க வேண்டுமென்றால், அதன் அழகான பகுதியும் சேர்ந்து தேய்ந்து போகும். வழக்கத்துக்கு மாறான கல்லை வாங்கினால், உலோகத்தைத்தான் கல்லுக்கு ஏற்ப வளைக்க வேண்டும். கல்லை உலோகத்துக்காக அறுக்கக்கூடாது.

இங்கே விளக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் கல் அப்படிப்பட்டது: கட்டைவிரல் நகம் அளவு, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் கூராக முடிவது, மேல்புறம் மென்மையான குமிழ், ஒரு விளிம்பு நெடுகப் பழுப்புப் பட்டை. நேராகப் பார்த்தால் தேனடை போன்ற அறைகள், ஒவ்வொரு அறையிலும் வேறு நிறம். பக்கவாட்டில் திருப்பினால் அந்த அறைகள் விரல்விரலாக எழுந்து நிற்கும் தூண்கள் என்பது தெரியும். வோலோ ஓப்பலில் இந்த அமைப்பு இயற்கையாகவே அமைவதுண்டு, ஆனால் அரிது.

இதில் வாங்குபவர் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் செயற்கை ஓப்பலிலும் தூண் அமைப்பு உண்டு. பியேர் கில்சன் 1974ல் விற்பனைக்குக் கொண்டுவந்த செயற்கை ஓப்பல் முதல் இன்றைய மலிவுச் சரக்கு வரை, மேலிருந்து பார்த்தால் பல்லித்தோல் போன்ற கட்டங்களும் பக்கத்திலிருந்து பார்த்தால் நேர்த்தூண்களும் தெரியும். இயற்கைக் கல்லில் தூண்களின் தலை உருண்டிருக்கும், அவற்றுக்கிடையே நிறமற்ற ஓப்பல் நிரம்பியிருக்கும், அளவுகள் ஒன்றுபோல் இரா. தாய்ப்பாறையின் தோல் ஒட்டியிருப்பதும் நல்ல அறிகுறி. இருந்தாலும் தூண் அமைப்புள்ள கல்லுக்கு மட்டுமாவது ரத்தின ஆய்வகச் சான்று வாங்கிவிடுவது நல்லது. லென்ஸை நம்பி மட்டும் பணம் கொடுக்கக்கூடாது.

மற்ற போலிகளைப் பிரிப்பது இவ்வளவு கடினமில்லை. சார்மினாரைச் சுற்றியுள்ள மணிக்கடைகளில் ஓப்பலைட் என்ற பெயரில் கிடைப்பது பால்நிறக் கண்ணாடி. கறுப்புத் துணியில் வைத்தால் நீலம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மஞ்சள்; நிறத் துளிகள் எதுவும் இருக்காது. மெல்லிய ஓப்பல் ஏட்டைக் கறுப்புத் தகட்டில் ஒட்டி விற்பது டப்லெட். அதன் மேல் குவார்ட்ஸ் அல்லது கண்ணாடி மூடி வைத்தால் ட்ரிப்லெட். பக்கவாட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் நேர்க்கோடாக ஒட்டு தெரியும். அடி மூடிய நகையில் ஏற்கெனவே பதித்த ஓப்பலை வாங்கும்போது இந்தக் கோட்டைப் பார்க்கவே வழியில்லை. ஆதலால் பதிக்காத கல்லாக வாங்குவதே சரி. ஆழ்ந்த கறுப்பு நிறத்தில் எத்தியோப்பிய ஓப்பல் மலிவாகக் கிடைத்தால் அது பெரும்பாலும் புகையூட்டிக் கறுப்பாக்கியதுதான். நுண்துளை உள்ள கல் நீரைக் குடிப்பது போலவே சாயத்தையும் புகையையும் ஏற்கும்.

எடையிலும் விழிப்பு தேவை. நீர் குடித்த கல் கனக்கும். காரட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசும்போது, கல் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கேட்டு எடை போட வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுக் காட்டும் கல் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால், அதன் உண்மை முகம் அதுவன்று. சிறந்த வழி, வாங்கிய கல்லை உடனே வேலைக்கு எடுக்காமல் நிழலில், பருத்தித் துணியில் சுற்றிச் சில வாரம் வைத்திருப்பது. உலரும்போது விரிசல் விடுகிற கல் அந்தக் காலத்துக்குள்ளேயே பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எத்தியோப்பியாவிலேயே மெசேசோ பகுதியிலிருந்து 1990களில் வந்த சாக்லேட் நிற ஓப்பல் விரிசலுக்குப் பேர்போனது. வோலோ கல் அந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஆனாலும் கல்லுக்குக் கல் குணம் மாறும்.

கல் உலர்ந்து நிலைத்தபின் வடிவமைப்பு தொடங்குகிறது. இதற்கு அவசரமே கூடாது. கல்லின் எல்லைக்கோட்டை ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். கல்லின் மேல் பென்சிலோ மார்க்கரோ படக்கூடாது; மை உள்ளே இறங்கினால் எடுக்க வழியில்லை. தாளில் கடிகாரம் போல் பன்னிரண்டு திசைகளைக் குறித்து, கல்லை ஒவ்வொரு திசைக்கும் திருப்பி, எந்தத் திசை மேலே இருக்கும்போது எந்த நிறம் எழுகிறது என்று எழுத வேண்டும். பிறகு வெளிச்சத்தை மாற்ற வேண்டும். டியூப்லைட்டின் பரவலான ஒளியில் ஓப்பல் அடங்கிக் கிடக்கும். ஒற்றைப் புள்ளியாக விழும் எல்இடி விளக்கிலும் சாயங்கால வெயிலிலும்தான் அது விழித்துக்கொள்ளும். கல்யாண மண்டபத்துக்கு அணியப்போகும் நகையா, அலுவலகத்துக்கா என்று கேட்டுவிட்டுத் திசையை முடிவு செய்வது வீண் ஆடம்பரம் அன்று.

பதக்கம் மார்பில் செங்குத்தாகத் தொங்குகிறது, வெளிச்சம் மேலிருந்து சாய்வாக விழுகிறது, எதிரே நிற்பவர் நேராகவோ சற்று மேலிருந்தோ பார்க்கிறார். கல்லை மேசையில் படுக்கவைத்துத் தலைக்கு மேலிருந்து பார்த்து எடுத்த முடிவு அங்கே பொய்த்துப்போகும். ஆகவே கல்லை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜன்னலோரம் செங்குத்தாகத் தொங்கவிட்டு, நடந்துகொண்டே பார்க்க வேண்டும். மேலே சொன்ன கல்லைக் கூர்முனை கீழே இருக்கும்படி, கண்ணீர்த்துளி போல் தொங்கவிடத்தான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் தேனடை அறைகளில் செம்மை எழுவது கூர்முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்போது என்றால், வடிவத்தின் பழக்கத்தை விட்டு நிறத்தின் பக்கம்தான் நிற்க வேண்டும். சாய்ந்து தொங்கும் பதக்கம் விசித்திரமாக இருக்குமே என்ற தயக்கம் தேவையில்லை. வழக்கத்துக்கு மாறான கல்லுக்கு அந்தச் சாய்வே அடையாளமாகிவிடும்.

பின்புலத்தையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். ஒளி ஊடுருவும் ஓப்பலை வெள்ளைத் தாளிலும் கறுப்புத் தாளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்கூடு. வெள்ளையில் நிறம் வெளிறும், கறுப்பில் எழும். அடியை முழுதும் திறந்துவிட்டால் பின்னாலிருந்து வரும் வெளிச்சமும், அணிபவரின் சேலை நிறமும், தோலின் நிறமும் கல்லுக்குள் புகுந்துவிடும். முழுதும் மூடிவிட்டால் உள்ளே நுழைந்த ஈரம் வெளியேற வழியில்லை. நல்ல சமரசம், கறுப்பேற்றிய வெள்ளித் தகட்டை அடியில் வைத்து, ஓரத்தை ஒட்டிச் சில சிறு துளைகள் விடுவது. கல் மூச்சு விடும், நிறமும் குன்றாது. இப்படிச் செய்த நகையை விற்கும்போது, அந்தக் கறுமை அடித்தகட்டால் வந்தது, கல் கறுப்பு ஓப்பல் அன்று என்பதைச் சொல்லிவிடுவது கடமை.

மோதிரம், வளையல் இரண்டும் ஓப்பலுக்கு உகந்தவை அல்ல. வோலோ ஓப்பல் மற்ற ஓப்பல்களை விட முறியாத தன்மை உள்ளது, 1.5 மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழவிட்டும் சில கற்கள் தாங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் கீறல் வேறு, உடைவு வேறு. ஹைதராபாத் நிற்பது பழம்பெரும் கருங்கல் பாறையின் மேல். அந்தக் கருங்கல்லில் குவார்ட்ஸ் நிறைய. செகந்திராபாத்தின் லோத்குண்டா வழியாகக் கரீம்நகருக்குப் போகும் ராஜீவ் ரஹதாரி நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு நாள் நின்றால் சட்டையில் படியும் புழுதியிலும் அதே குவார்ட்ஸ் துகள்கள்தான். குவார்ட்ஸின் கடினம் 7. புழுதி படிந்த ஓப்பலைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைப்பதே மெருகைக் கெடுக்கப் போதும். இரு சக்கர வண்டியின் கைப்பிடியைப் பற்றும் விரலில் அதற்கு ஆயுள் குறைவு. பதக்கம், காதணி, புடவை பின் இவையே பொருத்தம். பதக்கத்திலும் சங்கிலி காறை எலும்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் நீளத்தில் இருப்பது நல்லது. வயிறு வரை தொங்கினால் சமையல் மேடையிலும் மேசை விளிம்பிலும் இடிபடும்.

உலோகம் எது? 22 காரட் தங்கம் மென்மையானது, கல்லின் விளிம்பில் எளிதாகப் படியும். கையால் செய்து பழகுகிறவர்க்கு வெள்ளிதான் ஏற்றது; செலவு குறைவு, தவறினாலும் உருக்கிக்கொள்ளலாம். சட்டத்துக்கு 92.5 வெள்ளி, கல்லைக் கவ்வும் விளிம்புக்குத் தூய வெள்ளி என்று பிரித்துக்கொள்வது நல்ல பழக்கம். 92.5 வெள்ளியில் கலந்த செம்பு அதை விறைப்பாக்குகிறது; விறைத்த விளிம்பை மடிக்கக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும், அந்த அழுத்தம் கல்லுக்குப் போகும். செகந்திராபாத் ஜெனரல் பஜார், பாட் மார்க்கெட் பக்கம் நகைப் பட்டறைகளுக்கு வேண்டிய தகடும் கம்பியும் பற்றவைப்புப் பொடியும் கிடைக்கும்.

கல்லைச் சுற்றி என்ன வைப்பது என்பதில் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். ஓப்பலைச் சுற்றிப் பட்டை தீட்டிய வெள்ளைக்கல் வரிசை வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தக் கற்களின் கூரிய வெட்டொளி கண்ணைப் பறிக்கும், ஓப்பலின் உள்ளிருந்து எழும் நிறம் தோற்றுப்போகும். அமெரிக்காவில் லூயி கம்ஃபர்ட் டிஃபனி 1903க்கும் 1906க்கும் இடையில் உருவாக்கிய மயில் கழுத்தணியில், ஓப்பல் துண்டுகளையே மொசைக் போல அடுக்கி மயிலை வரைந்தார். மற்ற கற்கள் அங்கே துணைக்கு நிற்கின்றன. ஓப்பலை நடுவே வைத்தால் மற்றதெல்லாம் குரலைத் தாழ்த்த வேண்டும்.

ஹைதராபாத்காரருக்குத் துணை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒன்று, கரீம்நகர் வெள்ளிக் கம்பி வேலை. புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கலையில், மெல்லிய வெள்ளிக் கம்பிகள் இரண்டை முறுக்கித் தட்டையாக்கி, சுருளும் இலையுமாக வளைத்து, தடித்த கம்பிச் சட்டத்துக்குள் நெருக்கமாக நிரப்பிப் பொடியும் வெங்காரமும் தூவிப் பற்றவைப்பார்கள். முடிந்த வேலை எடையற்றது போல் இருக்கும். இடைவெளிகளில் காற்றும் ஒளியும் போய்வரும். ஓப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் அமைவது கடினம். இன்னொன்று, ஹைதராபாத்தின் சிறு முத்து. முத்தின் பளபளப்பு மென்மையானது, ஓப்பலோடு போட்டியிடாது. அதைவிட முக்கியம், இரண்டுக்கும் பராமரிப்பு ஒன்றே. முத்து ஓப்பலை விட மென்மையானது. அமிலம், வாசனைத் திரவியம், வெப்பம் மூன்றும் இரண்டுக்கும் ஆகாது. அணிபவர் ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும். பத்தர்கட்டியில் முத்துக் கோப்பவர்கள் பட்டுநூலில் முத்துக்கு முத்து முடிச்சிட்டுக் கோத்துத் தருவார்கள். நூல் அறுந்தாலும் எல்லாம் சிதறாது.

இனி வேலை. முழு வேலைக்கும் அடிப்படை விதி ஒன்றுதான்: நெருப்பு, அமிலம், மெருகு எண்ணெய், கறுப்பேற்றும் மருந்து எல்லாம் முடிந்து, உலோகம் கழுவிக் காய்ந்த பிறகே கல் உள்ளே வர வேண்டும். ஊதுகுழல் நெருப்பின் பக்கத்தில் ஓப்பலை வைப்பதே தவறு. திடீர் வெப்பத்தில் உள்ளிருக்கும் நீர் விரிந்து கல் வெடிக்கும். பற்றவைத்தபின் உலோகத்தைச் சுத்தம் செய்யும் கந்தக அமிலக் கரைசல், மெருகுச் சக்கரத்தின் சிவப்பு, பச்சைப் பசைகள், ரோடியம் முலாம் தொட்டி எல்லாமே நுண்துளைக் கல்லுக்கு நஞ்சு. ஆனால் கல்லின் வடிவத்தைத் தொட்டுத் தொட்டுத்தான் விளிம்பை வளைக்க வேண்டியிருக்கிறது. கோணல் கல் என்றால் அது பலமுறை நடக்கும்.

இதற்கு வழி, கல்லுக்கு ஒரு நகல் செய்வது. கல்லை மெல்லிய சமையல் பிளாஸ்டிக் தாளில் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். குழந்தைகள் விளையாடும் களிமண் உருண்டையைத் தட்டையாக்கி, அதில் கல்லை மெதுவாக அழுத்தி எடுத்தால் அச்சுப் பதியும். அந்தக் குழியில் கடையில் கிடைக்கும் எம்-சீல் பிசைந்து நிரப்பி, மேலே சமன் செய்துவிட வேண்டும். இறுகியபின் எடுத்து, பிளாஸ்டிக் மடிப்புத் தழும்புகளை மெல்லிய அரத்தால் தேய்த்து, கல்லோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சரிசெய்தால், கைநடுங்காமல் கையாளக்கூடிய இரட்டைப் பிறவி தயார். இனி அளவெடுப்பது, வளைப்பது, உயரம் பார்ப்பது எல்லாம் நகலின் மேல்தான். கல் பெட்டியில் உறங்கலாம்.

விளிம்புக்கு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள தூய வெள்ளிப் பட்டை போதும். முதலில் காகிதக் கீற்றை நகலைச் சுற்றி வைத்து நீளம் குறித்துக்கொண்டு, பட்டையின் தடிமனுக்காகச் சிறிது கூட்டி வெட்ட வேண்டும். இணைப்பு வருமிடம் கூர்முனையாக இருக்கக்கூடாது. நேராக ஓடும் பக்கத்தில் வைத்தால்தான் பிற்பாடு மடிக்கும்போது பிரியாது. இரு நுனிகளும் வெளிச்சம் புகாதபடி ஒட்டி நிற்க வேண்டும். பொடி இடைவெளியை நிரப்பும் என்று நம்பினால் அது ஓடிப்போகும், இடைவெளி நிற்கும். பற்றவைத்த வளையத்தை நகலின் மேல் இறக்கினால், உராய்ந்துகொண்டு இறங்க வேண்டும். தள்ளித்தான் இறங்குகிறது என்றால் இறுக்கம் அதிகம்.

உயரத்தில்தான் அனுபவம் பேசும். கோணல் கல்லின் தோள் எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் இராது. பட்டையின் மேல்விளிம்பை நேராக வெட்டினால் ஒரு பக்கம் கல்லை விழுங்கும், மறுபக்கம் பிடி போதாது. எனவே நகலைப் பார்த்து மேல்விளிம்பை அலைபோல் அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். பழுப்புத் தாய்ப்பாறைப் பட்டை இருக்கும் பக்கத்தில் விளிம்பைத் தாழ்த்தியே வைப்பது நல்லது. அதை மறைத்து மூடுகிறவர்கள் உண்டு. கல் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதற்குக் கல்லிலேயே இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பட்டை. மறைத்தால் நகை சாதாரணமாகிவிடும்.

கூர்முனையில் பட்டை மடிய இடமின்றிக் கசங்கும். அங்கே மேல்விளிம்பில் ஆப்பு வடிவில் ஒரு சிறு வெட்டு எடுத்துவிட்டால், மடிக்கும்போது இரு பக்கமும் கூடி ஒட்டிக்கொள்ளும். அடித்தகட்டோடு விளிம்பைப் பற்றவைத்தபின், உட்புற மூலையில் பொடி திரண்டு நிற்கிறதா என்று லென்ஸில் பார்க்க வேண்டும். நகலை வைத்து அழுத்தினால் ஆடுகிறது என்றால் அங்கே திரட்சி உண்டு. கூர் உளியால் சுரண்டி எடுக்காமல் ஓப்பலை வைத்து அழுத்தினால், அந்த ஒற்றைப் புள்ளியிலிருந்து விரிசல் கிளம்பும். அடியில் மரத்தூளோ அட்டையோ வைத்துச் சமன்படுத்தும் பழைய பழக்கத்தை இந்தக் கல்லுக்குத் தவிர்க்க வேண்டும். அவை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

சட்டம், கம்பி வேலை, தொங்குவளையம் எல்லாம் பற்றவைத்து முடிந்தபின், நகலை விளிம்புக்குள் வைத்து முழுப் பதக்கத்தையும் நூலில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். தாளில் குறித்த திசை மேலே வருகிறதா? இல்லையென்றால் தொங்குவளையத்தை மாற்றிப் பற்றவைக்க இதுவே கடைசித் தருணம். பிறகு அமிலக் கரைசல், மெருகு, கறுப்பேற்றல், வெந்நீரில் நன்றாகக் கழுவல், ஒரு நாள் உலர்த்தல்.

அதன்பின் கல் வருகிறது. பதக்கத்தைத் தோல் மெத்தையில் வைத்து, பளபளவென்று மெருகேற்றிய எஃகு அழுத்துகோலால் விளிம்பை உள்நோக்கிச் சாய்க்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு அழுத்து, நேரெதிர்ப் பக்கம் ஒரு அழுத்து. நீளப் பக்கங்கள் முதலில், கூர்முனை கடைசியில். ஒரே பக்கத்தை முழுதும் மடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் கல் நகர்ந்து சாயும். கோல் வழுக்கிக் கல்லில் கீறாமல் இருக்க, மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கல்லின் மேல் பரப்பிக்கொள்ளலாம். ஒட்டுநாடா வேண்டாம், அதன் பசை நுண்துளைக்குள் போகும். சுத்தியலும் உளியும் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

ஹைதராபாத் நகைக்குக் குந்தன் வேலை பெயர் பெற்றது. தூய தங்க ரேக்கைக் கல்லைச் சுற்றி அழுத்தி இறுக்கும் அந்த முறையில் கல்லுக்கு நெருப்புப் படுவதில்லை என்பதால், ஓப்பலுக்கும் அது பொருந்தும் என்று தோன்றலாம். ஆனால் குந்தனில் கல்லின் அடியில் அரக்கு நிரப்புகிறார்கள், அதைச் சூடாக்கித்தான் நிரப்ப வேண்டும். அடி முழுதும் மூடப்படும். நுண்துளை இல்லாத ஆஸ்திரேலிய ஓப்பலை ஒரு தேர்ந்த கைவினைஞர் அப்படிக் கட்டலாம். நீர் குடிக்கும் கல்லுக்கு அது ஆகாது.

நகையை அணிபவர் பக்கம் சில வழக்கங்கள் உண்டு. செகந்திராபாத் கன்டோன்மென்ட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் அவை உண்டு. ராசிக்கல் என்று வாங்கியதைப் பசும்பாலில் முக்கி எடுத்துப் பூஜையில் வைப்பது அவற்றுள் முதன்மையானது. நீர் குடிக்கும் ஓப்பல் பாலையும் குடிக்கும். உள்ளே தங்கிய பால் கல்லை மஞ்சளாக்கும், அதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. சடங்கை விட முடியாதவர்கள் பாலைச் சங்கிலிக்கு மட்டும் தொட்டு வைக்கலாம், அல்லது தூய நீரைத் தெளித்து உடனே ஒற்றி எடுக்கலாம். குங்குமம், மஞ்சள், சந்தனம், தலைக்கு வைக்கும் எண்ணெய், அத்தர் எல்லாம் இதே வகை. அலங்காரம் எல்லாம் முடிந்து கடைசியாக அணிந்து, வீடு திரும்பியதும் முதலில் கழற்றுவதே நல்லது. குளிக்கும்போது அணியக்கூடாது. தவறுதலாக நனைந்து கல் தெளிந்து நிறம் போய்விட்டால் பதறத் தேவையில்லை. பருத்தித் துணியில் சுற்றி நிழலில் வைத்தால் மெல்லத் திரும்பும். வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையர் பிடிப்பதும்தான் நிரந்தரச் சேதத்தைத் தரும்.

ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், காற்றும் வறண்டுவிடும். மேல்மாடி அறையின் இரும்பு பீரோவுக்குள் நாள் முழுதும் சூடு தேங்கும். ஓப்பல் நகையை அங்கே வைக்காமல், வெயில் படாத கீழ்த்தள அறையில், துணிப்பையில் போட்டு வைக்க வேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடக்கூடாது; வெள்ளி கறுக்காமல் இருக்க அது நல்லது, ஓப்பலுக்கு வேண்டாத வறட்சி. சுத்தம் செய்யப் பூந்திக்கொட்டை நீரோ அல்ட்ராசோனிக் தொட்டியோ தேவையில்லை. மென்மையான தூரிகையால் புழுதியைத் தட்டிவிட்டு, லேசாக ஈரமாக்கிய துணியால் ஒரு முறை ஒற்றினால் போதும்.

நகையை வாங்குகிறவரோ பட்டறையில் செய்யக் கொடுக்கிறவரோ, ரசீதில் நான்கு விவரங்களை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்: கல் எந்த நாட்டுடையது, நீர் குடிக்கும் வகையா இல்லையா, புகையோ சாயமோ ஏற்றப்பட்டதா, உலர்ந்த நிலையில் எத்தனை காரட். பின்னாளில் இந்த நகையைப் பழுது பார்க்கப்போகும் ஆசாரி, ஊதுகுழலை எடுக்குமுன் படிக்க வேண்டிய தாள் அது. அதை நகையோடு ஒரே பையில் வையுங்கள்.